தராசுக்குப் போகாத வெற்றி

தைப்பொங்கலை அண்டிய ஒரு ஞாயிறு மாலை, வலிகாமத்தில் ஒரு மாட்டுவண்டிச் சவாரித் திடலில் நின்றிருந்தேன். வென்ற சோடியின் உரிமையாளர் பெயர் ஒலிபெருக்கியில் மூன்றாவது தடவையாகச் சொல்லப்பட்டுக்கொண்டிருந்தது. திடலின் பின்புறம், அதே சோடியில் ஒரு நாம்பனின் பின்தொடையில் ஒரு பெடியன் மஞ்சள் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தான். மஞ்சளுக்குக் கீழே வரிசையாகச் சிறு துளைகள். தடி நுனியில் ஆணி வைத்துக் குத்தினால் வரும் துளைகள் அவை. நான் தொலைபேசியை எடுத்ததும் பக்கத்தில் நின்ற பெரியவர் சொன்னார்: "பிள்ளை, இதைப் படமெடுத்துப் போட்டு சவாரியை நிப்பாட்டிப்போடாதேங்கோ."

படம் எடுக்கவில்லை. ஆனால் அன்று காலையில் கேட்ட அறிவித்தல் ஒன்று நினைவுக்கு வந்தது. ஆணி பாவிக்கும் சோடி போட்டியிலிருந்து நீக்கப்படும் என்று அதே ஒலிபெருக்கியில்தான் சொல்லியிருந்தார்கள். ஆக, விதி இருந்தது. மீறப்பட்டதற்கான சாட்சியும் மாட்டின் உடம்பிலேயே இருந்தது. பரிசு கொடுப்பதற்கு முன் அந்த உடம்பைப் பார்க்கும் வேலை மட்டும் யாருக்கும் கொடுக்கப்பட்டிருக்கவில்லை.

இந்த இடத்தில்தான் குதிரைப் பந்தயத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் நமக்கு அதனோடு பெரிய பழக்கம் இல்லை. சித்திரை வருடப்பிறப்புக் காலத்தில் நுவரெலியாவில் நடக்கும் ஆளுநர் கிண்ணப் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்ததோடு சரி. சூதாட்டத்தோடு பிணைந்த ஒரு விளையாட்டிடம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்கலாம். காசு புரளும் இடம் என்பதால் அங்கே ஒருவரை ஒருவர் நம்புவதில்லை. அந்த நம்பிக்கையின்மையால்தான் பந்தயத் திடலுக்குள் தராசு வந்தது.

ஒவ்வொரு குதிரையும் எவ்வளவு எடையைச் சுமந்து ஓட வேண்டும் என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்படுகிறது. திறமை கூடிய குதிரைக்குக் கூடிய எடை. குதிரையோட்டி சேணத்தோடு தராசில் ஏறுவார். எடை குறைந்தால் ஈயத் தகடுகள் சேர்க்கப்படும். ஓட்டம் முடிந்ததும் முன்னணியில் வந்தவர்கள் அதே சேணத்தைத் தூக்கிக்கொண்டு மீண்டும் தராசுக்குப் போக வேண்டும். அந்த எடை சரியென்று ஆகும்வரை முடிவு முடிவல்ல.

இதிலும் ஏமாற்றுகள் உண்டு. எடை பார்க்கும்போது தாள் போன்ற மெல்லிய சப்பாத்தும் ஓட்டத்தின்போது வழமையான சப்பாத்தும் அணிவது பழைய தந்திரம். பிடிபட்டால் ஒழுக்காற்று நடவடிக்கை குதிரையோட்டியோடு மட்டும் நிற்பதில்லை. அவருக்குத் தண்டப்பணமோ தடையோ கிடைக்கும். எடை அனுமதிக்கப்பட்ட அளவை விடக் குறைந்திருந்தால், அல்லது தராசுக்கே போக மறந்திருந்தால், குதிரையும் வெற்றியை இழக்கும். அதாவது, பரிசுப்பணம் உரிமையாளரின் கைக்குப் போகாது.

இந்த இரண்டாவது பகுதிதான் முக்கியமானது. பிரித்தானியாவில் சவுக்கு பாவிப்பதற்கும் விதி உண்டு. அதை மீறியவர்கள் நீண்டகாலமாகத் தனியாளாகவே தண்டிக்கப்பட்டார்கள். குதிரையின் வெற்றி அப்படியே நின்றது. பெரிய பந்தயமொன்றில் வென்றுவிட்டுச் சில நாள் தடையை ஏற்றுக்கொள்வது பலருக்கு இலாபமான கணக்காகவே இருந்தது. 2023இல் விதி மாற்றப்பட்டது. தடையில்லாத ஓட்டத்தில் 6 அடி, தடை தாண்டும் ஓட்டத்தில் 7 அடி என்பது வரம்பு. அதற்கு மேல் 4 அடியோ அதற்குக் கூடவோ அடித்தால் குதிரையே போட்டியிலிருந்து நீக்கப்படும். எடை விதியில் எப்போதோ இருந்த தர்க்கம் சவுக்கு விதிக்கு வந்துசேர இவ்வளவு காலம் எடுத்தது.

தராசைப் புகழ்ந்து மட்டும் எழுத முடியாது. 13 தடவை பிரித்தானியாவின் முதன்மைக் குதிரையோட்டியாக இருந்த ஃபிரெட் ஆர்ச்சர், உயரமான மனிதர். எடையைக் குறைக்கப் பட்டினி கிடந்து உடலை வருத்தியவர், 1886இல் 29ஆவது வயதில் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். விதியின் முழுப் பாரத்தையும் ஓட்டுபவரின் உடலில் மட்டும் ஏற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு அவர் கதை ஓர் எச்சரிக்கை. நமது திடல்களிலும் வண்டியில் ஏறும் இளைஞனை மட்டும் பிடித்துத் தண்டிப்பது அதே தவறாகிவிடும். அவன் கையில் ஆணித்தடி வந்ததற்குப் பின்னால் சோடியின் விலையும் உரிமையாளரின் எதிர்பார்ப்பும் ஊர்ப் பெருமையும் இருக்கின்றன.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று விடவும் முடியாது. மிருகவதையைத் தடுக்க நம்மிடம் உள்ளது 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். மாட்டை அடித்து வதைப்பதற்கு அதில் சொல்லப்பட்ட உச்சத் தண்டப்பணம் 100 ரூபா. மூன்று மாதம் வரை சிறை என்றும் இருக்கிறது. 100 ரூபாவுக்கு இன்று திடலோரக் கடையில் ஒரு பால்தேநீரும் வடையும் வாங்குவதே கடினம்.

ஆகவே செய்ய வேண்டியது சவாரிச் சங்கங்களின் கையில்தான் இருக்கிறது. அதற்குப் பெரிய செலவும் இல்லை. முடிவுக் கோட்டைத் தாண்டியதும் முதல் மூன்று சோடிகளும் வேறெங்கும் போகாமல், கயிறு கட்டிய ஓரிடத்துக்கு வர வேண்டும். போட்டியில் சம்பந்தப்படாத மிருக வைத்தியர் ஒருவர் மாடுகளின் தொடையையும் வாலையும் பார்க்க வேண்டும். அவர் கையெழுத்து வைக்கும்வரை ஒலிபெருக்கியில் யாருடைய பெயரும் சொல்லப்படக்கூடாது. புதிய காயம் இருந்தால் பரிசு அடுத்த சோடிக்கு. ஓட்டியவருக்கும் உரிமையாளருக்கும் அந்தப் பருவம் முழுவதும் தடை.

பெரியவரின் பயம் எனக்கு விளங்குகிறது. போர்க்காலத்துக்குப் பிறகு திரும்பிவந்த சந்தோசங்களில் சவாரியும் ஒன்று. ஆனால் தமிழ்நாட்டில் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். 2014இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடைசெய்தபோது அதற்கு ஆதாரமாக நின்றவை காளைகள் வதைக்கப்பட்ட பதிவுகள்தான். 2017இல் பெரும் போராட்டத்தின் பின் சட்டம் திருத்தப்பட்டது. இன்று மருத்துவப் பரிசோதனை உள்ளிட்ட நிபந்தனைகளோடுதான் அங்கே காளை வாடிவாசலுக்கு வருகிறது. 2023இல் அந்தச் சட்டத்தை நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது.

அன்று நான் படம் எடுக்காமல் விட்டேன். அடுத்த பொங்கலுக்குத் திடலில் நிற்கும் எல்லோருடைய கையிலும் தொலைபேசி இருக்கும். யாரோ ஒருவர் எடுக்கத்தான் போகிறார். அதற்கு முன் அந்தத் தொடையைச் சங்கமே பார்த்துவிடுவதுதான் சவாரிக்கு நல்லது.