மூளைக்குள் கருவி, சாவி யார் கையில்?

பேசாதவர் பேசுவார், நடக்காதவர் நடப்பார், காணாதவர் காண்பார் என்று முன்பு சாமியார்கள் சொல்லி உண்டியல் குலுக்கினார்கள். இன்று அதே வாக்கைக் கோடீஸ்வரர்கள் சொல்லிப் பங்கு விற்கிறார்கள்!

2024 ஜனவரியில் அமெரிக்காவில் எலான் மஸ்க்கின் நியூராலிங்க் கம்பெனி, கழுத்துக்குக் கீழே செயலிழந்த நோலண்ட் ஆர்பா என்ற இளைஞரின் மூளையில் காசளவு கருவி ஒன்றைப் பொருத்தியது. நினைப்பாலேயே அவர் கம்ப்யூட்டரை இயக்கினார். சில வாரங்களில் மூளையில் செருகிய மயிரிழைக் கம்பிகளில் பல விலகிவிட்டன. மென்பொருளைத் திருத்தித்தான் நிலைமையைச் சமாளித்தார்கள்.

இந்தச் செய்தி கேட்டு நம் புதுக்கோட்டையிலும் இரண்டு குரல்கள் எழுகின்றன. "மண்டைக்குள் மிஷினா? விதியை மாற்ற முடியுமா?" என்பது ஒன்று. "இனிச் சாய்தளம் எதற்கு, சைகை மொழி எதற்கு, உதவித்தொகைதான் எதற்கு? எல்லாம் கருவி பார்த்துக்கொள்ளும்!" என்பது மற்றொன்று. முதலாவது பத்தாம்பசலித்தனம். இரண்டாவது பித்தலாட்டம். இரண்டையும் நாம் நிராகரிக்கிறோம்.

இயந்திரம் நமக்குப் பகையல்ல. 1991ல் இந்த மாவட்டத்து அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றபோது ஏளனம் செய்தவர்கள் இருந்தார்கள். பெண்கள் பின்வாங்கினார்களா? இல்லை! தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு அவர்கள் மிதித்தார்கள். அந்தச் சைக்கிளின் ஹாண்டில்பார் அவர்கள் கையில் இருந்தது. மூளைக் கருவியின் ஹாண்டில்பார் யார் கையில்? இதுதான் நம் கேள்வி.

கண்ணுக்குள் கைவிடப்பட்டவர்கள்

செகண்ட் சைட் என்ற அமெரிக்கக் கம்பெனி, விழித்திரையில் பொருத்தும் ஆர்கஸ்-2 என்ற கருவியை விற்றது. அந்த ஆராய்ச்சிக்குப் பொதுமக்களின் வரிப்பணமும் போயிருந்தது. உலகெங்கும் 350க்கு மேற்பட்டோர் அதைப் பொருத்திக்கொண்டார்கள். லாபம் வரவில்லை, 2019ல் கம்பெனி அதைக் கைவிட்டது. கருவி பழுதானால் சரிசெய்ய ஆளில்லை, உதிரிப் பாகமும் இல்லை. மனிதர் கண்ணுக்குள் இருக்கும் பொருளை, கிடங்கில் தேங்கிய சரக்கைப் போல் கணக்கிலிருந்து தள்ளிவிட்டார்கள்!

அது அமெரிக்கக் கதை என்று ஒதுக்காதீர்கள். காக்ளியர் கருவி நம் ஊர்க் கதை. இது மூளையில் வைப்பதல்ல. உட்காதின் நத்தைச் சுருளில் செலுத்தும் மின்கம்பி, செவி நரம்பைத் தூண்டுகிறது. அந்த நரம்பே இல்லாதவர்களுக்கு மூளைத்தண்டிலேயே பொருத்தும் சிகிச்சையும் சென்னையில் நடந்திருக்கிறது. பல லட்சம் ரூபாய் பிடிக்கும் காக்ளியர் சிகிச்சை, தமிழகத்தில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஏழைக் குழந்தைகளுக்கு இலவசம். இது நல்ல காரியம், மனமார வரவேற்கிறோம்.

ஆனால் ஆபரேஷனோடு காரியம் முடிவதில்லை. குழந்தை கேட்கவும் பேசவும் பழக மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். காதுக்கு வெளியே மாட்டும் பகுதிக்கு பாட்டரி வேண்டும், ஒயர் வேண்டும். பழைய மாடலைக் கம்பெனி நிறுத்திவிட்டால் புதிது வேண்டும். உலகச் சந்தையில் பெரும்பகுதியை ஆளுவது மூன்றே அந்நியக் கம்பெனிகள். அவர்கள் வைத்ததே விலை. மணமேல்குடிப் பக்கம் நடவுக் கூலிக்குப் போகும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். பயிற்சிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் நாளெல்லாம் அவளுக்குக் கூலி இல்லை. அந்த நாளின் கூலியை எந்தக் காப்பீடு கொடுக்கிறது?

பெயர் மாறியது, நிலை?

"மாற்றுத்திறனாளி" என்று மரியாதையாகப் பெயர் மாற்றினார்கள். சரி. தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் கடும் ஊனமுள்ள ஏழைக்கு மத்திய சர்க்கார் தரும் பங்கு 2012ல் மாதம் 300 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. பத்தாண்டு கழிந்த பின்னும் அந்த 300 அப்படியே கிடந்தது! 2016ம் ஆண்டுச் சட்டம் பொதுக் கட்டிடங்களை எல்லாரும் நுழையும்படி மாற்ற ஐந்தாண்டுக் கெடு விதித்தது. கெடு 2022ல் தீர்ந்தது. படிகள் தீர்ந்தனவா?

மூளையில் கருவி வைக்க விஞ்ஞானம் இருக்கிறது; தாலுகா ஆபீஸ் வாசலில் சாய்தளம் வைக்க சிமெண்டு இல்லையாம்! நாலு படி ஏற முடியாதது அந்த மனிதரின் குறை என்கிறார்கள். நாலு படி கட்டியது யாருடைய குறை?

சைகை மொழியில் வாழ்கிறவர்கள், "எங்களைப் பழுதுபார்க்க வேண்டிய சாமான்களாக நினைக்காதீர்கள்" என்று சொன்னால், அதைக் கேட்கும் காது முதலில் சமூகத்துக்கு வேண்டும். கருவி வேண்டும் என்பவருக்கு அது உரிமையாகக் கிடைக்கட்டும். வேண்டாம் என்பவருக்குப் பள்ளியும் வேலையும் மறுக்கப்படக்கூடாது.

ஆகவே நாம் கோருகிறோம்: கருவி பொருத்தியவருக்கு ஆயுள் முழுதும் பழுதும் பாட்டரியும் பயிற்சியும் சர்க்கார் பொறுப்பாகட்டும். கம்பெனி மூடினாலும் கருவியின் நுட்பம் பொதுச் சொத்தாகட்டும். மூளையிலிருந்து எடுக்கும் தகவல் அந்த மனிதருக்கே சொந்தமாகட்டும். பொதுத்துறையில் இக்கருவிகளை உற்பத்தி செய்யட்டும். ஒவ்வொரு முடிவிலும் மாற்றுத்திறனாளிகளே முன்வரிசையில் உட்காரட்டும்.

பிச்சையாக வரும் கருவியைக் கொடுத்தவன் பிடுங்கிக்கொள்ளலாம். உரிமையாகப் பெற்றதை எவன் பிடுங்க முடியும்?