பிக்கப் வண்டிக்கு சிப் வைக்கலாமா?

என் தங்கை மகன் தேங்காய்த்திட்டு துறைமுகத்திலிருந்து சென்னைக்கு மீன் ஏற்றுகிறான். கடனில் வாங்கிய டீசல் பிக்கப். போன வருஷம் ஒரு நாள் வந்து, "மாமா, ஒரு எட்டாயிரம் வேணும். எஞ்சினுக்கு சிப் வைக்கப் போறேன். இழுவையும் கூடும், மைலேஜும் கூடும்" என்றான். நான் சைக்கிளோடு சரி, வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

எட்டு மாதத்தில் கிளட்ச் போனது. அடுத்து டர்போ. வண்டி மூன்று வாரம் ஷெட்டில் நின்றது. தவணை நிற்கவில்லை.

பணம் கொடுத்தவன் என்ற முறையில் மெக்கானிக்கிடம் போய் விவரம் கேட்டேன். அவர் சொன்னதை என் ஆபீஸ் பாஷையில் சொல்கிறேன். இப்போதைய டீசல் எஞ்சினில் ஒரு பொதுக்குழாயில் டீசல் 1,600 பார் அளவுக்குக்கூட அழுத்தத்தில் நிற்கிறது. கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம்தான். அந்தக் குழாயின் அழுத்தத்தை ஒரு சென்சார் அளந்து கம்ப்யூட்டருக்குத் தெரிவிக்கிறது. சந்தையில் விற்கிற சின்னப் பெட்டிகளில் பல, நடுவில் உட்கார்ந்து 'அழுத்தம் குறைவு' என்று பொய் சொல்கின்றன. கம்ப்யூட்டர் அதை நம்பி அழுத்தத்தைக் கூட்டுகிறது. டீசல் அதிகமாகப் பாய்கிறது. கீழிருந்து பொய்க்கணக்கு வந்தால், மேலே இருக்கும் அதிகாரி அதை நம்பிக் கையெழுத்துப் போடுவதில்லையா, அதே கதைதான்.

டீசல் கூடினால் காற்றும் கூட வேண்டும். கூடாவிட்டால் கரும்புகை. எஞ்சினில் சூடு ஏறும். டர்போவும் பிஸ்டனும் தாங்க வேண்டும். கிளட்சும் கியர்பாக்ஸும் பழைய சக்திக்குச் செய்தவை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டியானால் புகைக்குழாயில் இருக்கும் வடிகட்டி கரியால் அடைத்துக்கொள்ளும்.

எதிர்ப்பக்க வாதத்தையும் சொல்ல வேண்டும். ஒரே எஞ்சினைக் கம்பெனிக்காரர்களே இரண்டு விதமான சக்தியில் விற்பது உண்டு. அளந்து, காற்றையும் சேர்த்துத் திருத்தித் தரும் விவரமான ஆட்களும் உண்டு. அதனால் சிப் வைத்த அன்றே எஞ்சின் போய்விடும் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் கம்பெனி விட்டுவைத்த அந்தக் கொஞ்சம் சக்தி வீணாகக் கிடப்பதல்ல. சித்திரை வெயிலுக்கும், மட்டமான டீசலுக்கும், அதிக பாரத்துக்கும் வைத்த சேமிப்பு அது. தங்கை மகனைக் குடைந்து கேட்டதில் உண்மை வந்தது. "இழுக்குதுன்னு இன்னும் பத்துப் பெட்டி மீன் சேர்த்து ஏத்தினேன் மாமா." சிப் பாதி கெடுத்தது, சிப் தந்த தைரியம் மீதியைக் கெடுத்தது.

மைலேஜ்? பிரெஞ்சுப் பள்ளியில் எங்கள் வாத்தியார் 'ரான்த்மான்' என்று ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார். போட்டதில் எவ்வளவு உருப்படியாக வெளியே வருகிறது என்ற கணக்கு. போட்டதற்கு மேல் ஒருநாளும் வராது என்பார். டேங்கை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை நோட்டில் எழுதிப் பார்க்கச் சொன்னேன். ஒன்றும் கூடவில்லை.

குமாஸ்தாவாக இன்னொன்றும் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. வாரண்டியையும் மறந்துவிட வேண்டியதுதான். லோடு வண்டியை வைத்துப் பிழைப்பவனுக்கு இந்த வம்பு வேண்டாம் என்பதே என் முடிவு.

கழற்றிய பெட்டி என் மேஜை டிராயரில் கிடக்கிறது. எட்டாயிரத்தை நான் திருப்பிக் கேட்கவில்லை. உங்கள் வீட்டுப் பையன் இதற்குப் பணம் கேட்டு வந்தால், கொடுக்கும் முன், "எவ்வளவு லோடு ஏத்தறே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்கவில்லை.