தொழில்: இல்லை

என் உம்மும்மா 86 வயதில் வஃபாத்தானார். எலுவன்குளத்தில், அவர் பிறந்த அதே வளவில், லுஹர் பாங்குக்குச் சற்று முன்னர். அஸருக்குப் பின் நல்லடக்கம் முடிந்தது. இரண்டு நாள் கழித்து மரணத்தைப் பதிவதற்காகப் பெரிய மாமாவோடு நானும் போனேன். மாமாவுக்குக் கண் பார்வை குறைவு. அதனால் படிவத்தை நான்தான் வாசித்து நிரப்பினேன்.

பெயர், வயது, பிறந்த இடம் எல்லாம் தடையின்றிப் போயின. "தாயின் முழுப் பெயர்" என்ற இடத்தில் மாமா நின்றுவிட்டார். "மூத்தும்மா எண்டுதான் நாங்க கூப்பிட்டம். பேரு..." என்று இழுத்தார். போன் எடுத்து மூன்று பேரிடம் கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. என் உம்மாவுக்கும் தெரியவில்லை. அடுத்த கேள்வி "தொழில்". இதற்கு மாமா யோசிக்கவே இல்லை.

"இல்லை எண்டு போடு மகள்."

நானும் போட்டேன். என் கையால்தான் போட்டேன். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த ஒரு சொல்.

எலுவன்குளத்தை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. புத்தளத்திலிருந்து மன்னாருக்குப் போகும் பழைய வீதியில், வில்பத்துக் காட்டின் ஓரத்தில் இருக்கும் ஊர் அது. மாரியில் கலா ஓயா பெருகினால் சப்பாத்துப் பாலம் தண்ணீருக்குள் போய்விடும், போக்குவரத்து நின்றுவிடும். இரவில் யானை வரும். வில்பத்து தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்ட 1938ஆம் ஆண்டில்தான் உம்மும்மாவும் பிறந்தார். காட்டின் வரலாறு புத்தகங்களில் இருக்கிறது. உம்மும்மாவின் வரலாறு அவருடைய பிள்ளைகளின் ஞாபகத்தில் மட்டுமே இருக்கிறது. அந்த ஞாபகமும் எவ்வளவு மெல்லியது என்பதைப் படிவம் நிரப்பிய அன்று கண்டேன்.

இந்த நாட்டில் இலவசக் கல்வி வந்தது 1945இல். அப்போது அவருக்கு ஏழு வயது. ஆனாலும் அவர் பாடசாலைக்கு அனுப்பப்படவில்லை. ஓதப் பள்ளிக்கு மட்டும் போனார். அங்கே கற்ற எழுத்தைக் கொண்டு அரபுத் தமிழ் கிதாபுகளைத் தடங்கலின்றி வாசிப்பார். யாராவது "எழுத வாசிக்கத் தெரியுமா?" என்று கேட்டால் மட்டும் "தெரியாது" என்பார். உயர்தரம் படிக்கும் எனக்கு அந்தக் கிதாபுகளில் ஒரு வரிகூட வாசிக்க வராது. எங்கள் இருவரில் யார் எழுத்தறிவில்லாதவர்?

அவருக்கு 42 வயதாகும்போது அப்பா மௌத்தானார். பிள்ளைகள் ஐந்து பேர். கடைசிப் பிள்ளையான என் உம்மாவுக்கு அப்போது இரண்டு வயது. உம்மும்மா பன் வெட்டி, காயவைத்து, சாயம் போட்டுப் பாய் இழைத்தார். இத்தா முடிந்த பிறகு சேனையில் குரக்கனும் எள்ளும் போட்டார். புத்தளத்து வியாபாரிகள் வந்து பாய்களைக் கட்டாக எடுத்துப் போவார்கள். பாதை வெள்ளத்தில் அறுந்த இரவுகளில் பிரசவ வலி கண்ட வீடுகளுக்கு அரிக்கன் லாம்பைத் தூக்கிக்கொண்டு அவர்தான் போவார். கூலி வாங்கியதில்லை.

1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். 70,000க்கும் அதிகமானோர் சொந்த மண்ணை இழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குப் புத்தளம் மாவட்டமே புகலிடமானது. காட்டுப் பாதையால் பிள்ளைகளைச் சுமந்து வந்தவர்களை எங்கள் வளவில் கண்டதாக உம்மா சொல்வார். அப்போது உம்மாவுக்குப் பன்னிரண்டு வயது. உம்மும்மா கிடாரத்தில் கஞ்சி காய்ச்சினார். விற்பதற்கு அடுக்கி வைத்திருந்த பாய்களை எல்லாம் விரித்துக் கொடுத்தார். அந்த மாதம் ஒரு பாய்கூடப் புத்தளத்துக்குப் போகவில்லை. அகதிகளை வரவேற்ற புத்தளத்து மக்களைப் பற்றி மேடைகளில் பேசுகிறோம். அந்தக் கஞ்சியைக் காய்ச்சிய பெண்கள் எவரின் பெயரையும் எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

நான் பொருளியல் படிக்கும் மாணவி. சம்பளத்துக்குச் சமைப்பவரின் உழைப்பு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சேரும், வீட்டில் தாய் சமைப்பது சேராது என்று வகுப்பில் குறிப்பெடுத்தேன். வீட்டு வேலை மட்டும் செய்பவர்கள் "பொருளாதார ரீதியில் செயற்படாதோர்" என்ற வகைக்குள் வருவார்கள். நியூசிலாந்து நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த மெரிலின் வேரிங், இந்தக் கணக்கே பிழையானது என்று 1988இல் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். ஆனால் உம்மும்மாவின் விடயத்தில் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. அவர் பாய் இழைத்து விற்றார், சேனை செய்தார். பாடப்புத்தகத்தின் கணக்குப்படியே அது தொழில்தான். அதைத் தொழிலில்லை என்று சொன்னது அரசாங்கமல்ல. நாங்கள்தான்.

இதை மாமாவிடம் சொன்னேன். "பாய் இழைக்கிறதெல்லாம் தொழிலா மகள்?" என்று சிரித்தார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பாய்க் காசிலதான் உம்மா எனக்கு முதல் சைக்கிள் வாங்கித் தந்தது. அதுல மீன் கட்டித்தான் நான் யாவாரம் துவங்கின" என்றார். பிறகு அவர் சிரிக்கவில்லை.

சிலர் கேட்கக்கூடும்: தாய் செய்வது இபாதத் அல்லவா, கூலி அல்லாஹ்விடம் இருக்கும்போது கணக்கு எதற்கு? கூலி அவனிடம் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதைச் சொல்லி நாங்கள் மறந்து போவதற்கு அனுமதி எடுத்துக்கொள்ள முடியாது. வேறு சிலர், பெண்களின் பெயரை ஊரறியச் சொல்ல வேண்டுமா என்பார்கள். அன்னை கதீஜா (ரழி) வியாபாரம் செய்தார்கள் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். அன்னை ஆயிஷா (ரழி) அறிவித்த ஹதீஸ்கள் இரண்டாயிரத்துக்கும் அதிகம். ஒரு செய்தியை யார் சொன்னார், யாரிடம் கேட்டார் என்று பெயர் பெயராகப் பதிந்து பாதுகாத்த சமுதாயம் இது. அந்தச் சமுதாயத்தின் பிள்ளைகளுக்குத் தங்கள் உம்மாவின் உம்மாவுடைய உம்மா பெயர் தெரியாமல் இருக்கலாமா?

இதில் முதல் குற்றவாளி நான்தான். கடைசி ரமழானில் உம்மும்மா இரண்டு தடவை சொன்னார்: "நான் சொல்றத ஒரு கொப்பியில எழுதி வை புள்ள." பரீட்சை முடியட்டும் உம்மும்மா என்றேன். பரீட்சை முடிவதற்குள் அவர் போய்விட்டார்.

எனவே சகோதரிகளே, இந்த விடுமுறையில் ஒரு கொப்பி வாங்குங்கள். வீட்டிலிருக்கும் மூத்த பெண்ணின் பக்கத்தில் உட்காருங்கள். அவரது தாயின் பெயர் என்ன, அவர் கையால் என்னென்ன செய்தார், கஷ்டமான காலத்தில் யாருக்கு உதவினார் என்ற மூன்று கேள்விகள் போதும். பெற்றோர்களே, பிள்ளை கேட்டால் "அதெல்லாம் எதற்கு" என்று சொல்லிவிடாதீர்கள். தாயின் பெயரையும் தொழிலையும் கேட்கும் படிவம் ஒரு நாள் உங்கள் கைக்கும் வரும்.

உம்மும்மாவின் மச்சி ஒருவர் இன்னும் இருக்கிறார். சென்ற மாதம் அவரைத் தேடிப் போனேன். காது கேட்பது குறைவு. மூன்று முறை உரக்கக் கேட்ட பிறகு, மூத்தும்மாவின் பெயரைச் சொன்னார். அதைக் கொப்பியின் முதல் வரியாக எழுதினேன். அதற்குக் கீழே உம்மும்மாவின் பெயரை எழுதி, பக்கத்தில் தொழில் என்று போட்டேன். பாய் இழைத்தல், சேனைப் பயிர், பிரசவம் பார்த்தல் என்று எழுதிக்கொண்டே போனபோது பக்கம் நிறைந்துவிட்டது.