நெஞ்சு வலிக்கு முன்னும் பின்னும்
மாரடைப்பு வந்து பிழைத்தவரைப் பார்க்கப் போகிறவர்கள் ஆளுக்கொரு பத்தியம் சொல்லிவிட்டு வருவார்கள், "மனசு எப்படி இருக்கு, ராத்திரி தூக்கம் வருதா?" என்று விசாரிப்பவர் அபூர்வம். மான்ட்ரியலில் நான்சி ஃப்ரேசர்-ஸ்மித் குழுவினர் மாரடைப்பு வந்த 222 பேரை இந்த விதமாக விசாரித்து 1993-ல் எழுதினார்கள்: இதயச் சேதத்தின் கடுமையைக் கணக்கில் கழித்த பிறகும், மனச்சோர்வு உள்ளவர்கள் ஆறு மாதத்துக்குள் இறக்கும் அபாயம் நான்கு மடங்கு. சோர்வைக் குணப்படுத்தினால் ஆயுள் கூடுமா என்று பார்த்த பெரிய அமெரிக்க ஆய்வு 2003-ல் வந்தது. சோர்வு ஓரளவு குறைந்தது, சாவு குறையவில்லை. அப்படியானால் சிகிச்சை எதற்கு என்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான். ஒருவர் மனம் தெளிவதற்கு இதயத்தின் சிபாரிசு வேண்டுமா என்ன? இதைவிட உறுத்துவது மறுபக்கம். மனச்சிதைவு போன்ற தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டு முன்னதாகவே இறந்துபோகிறார்கள். பலரும் நினைப்பதுபோல் பெரும்பாலும் தற்கொலையால் அல்ல, இதயநோய் முதலான உடல் நோய்களால். ஓலான்சபின் போன்ற மாத்திரைகள் மனத்தை அடக்கும், எடையையும் சர்க்கரையையும் ஏற்றும். சிகரெட் வேறு. அப்படிப்பட்டவர் நெஞ்சு வலிக்கிறது என்றால், "அவன் எப்பவும் ஏதாவது சொல்லிட்டுத்தான் இருப்பான்" என்று வீட்டில் தள்ளிவிடுகிறார்கள். பழைய மருந்துச் சீட்டைப் பார்த்ததும் சில மருத்துவர்களும் அப்படியே. ஓர் ஈசிஜி எடுக்க எத்தனை நிமிஷம் ஆகிவிடும்?