ஓட்டப்பந்தயமும் ஒரு சொட்டு ரத்தமும்

2,200 மீட்டர் உயரத்துல பயிற்சி எடுத்தா நல்லதுன்னு ஓட்டக்காரங்க ஊட்டிக்கு வர்றாங்க. "இங்கயே பொறந்த ஆதிவாசிப் பசங்களுக்குப் பயிற்சி குடுத்தா எங்கயோ போயிடுவாங்க"ன்னு நாமளும் டீக்கடையில பேசறோம். விளையாட்டால ஒரு சமூகம் மேல வரும்னு நம்பறவன்தான் நானும். ஆனா அந்த ஆராய்ச்சியை ஒரே துறைகிட்ட விடக்கூடாதுங்கறது என் கட்சி.

ஏன்னா, இந்தியாவுல அரிவாள் செல் (சிக்கிள் செல்) மரபணு பத்தின முதல் பதிவுகள்ல ஒண்ணு இதே நீலகிரிப் பழங்குடிகள்கிட்ட, 1952ல, லேமனும் கட்புஷும் எழுதினது. அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்டேருந்தும் வந்தாதான் நோய். ஒருத்தர்கிட்டேருந்து மட்டும் வந்தா தாராளமா விளையாடலாம். ஆனா தண்ணியில்லாம, ஓய்வில்லாம விரட்டினா அபூர்வமா தசை சிதைஞ்சு உயிருக்கே ஆபத்தாகும். அமெரிக்காவுல 2006ல 19 வயசு கல்லூரி மாணவர் ஒருத்தர் அப்படித்தான் இறந்தார். 2010ல அங்க முதல்நிலைக் கல்லூரி அணிகளுக்கு ரத்தப் பரிசோதனை விதியே வந்தது.

"அப்ப நம்ம பசங்களுக்கும் டெஸ்ட் எடுத்துடலாமே"ன்னு டாக்டர் சொல்வார். அங்கதான் சமூகவியல் படிச்சவர் குறுக்க வரணும். ரிசல்ட் தெரிஞ்சா, "எதுக்கு வம்பு"ன்னு கோச் பையனை அணியிலேருந்து எடுத்துடலாம். பொண்ணுன்னா கல்யாணப் பேச்சு வரைக்கும் போகும். தூக்கிவிட ஆரம்பிச்சது, ஒதுக்கறதுல முடியும்.

அமெரிக்க ரத்தவியல் சங்கமே 2012ல, கட்டாயப் பரிசோதனை வேணாம், தண்ணி, ஓய்வு, படிப்படியான பயிற்சி இதெல்லாம் எல்லாருக்கும் பொதுவா வைங்கன்னுது. அப்படி வெச்சிருந்த ராணுவத்துல சுமார் 48,000 கறுப்பின வீரர்களைப் பத்தி 2016ல ஒரு ஆய்வு வந்தது. தசைச் சிதைவு அதிகம்தான், ஆனா அந்த மரபணுவால சாவு கூடலை. ஆக, டாக்டரோட அறிவு கோச்சோட பழக்கமா மாறினாதான் புள்ளை பிழைக்கும்.

2023லேருந்து மத்திய அரசுத் திட்டத்துல பரிசோதனை பண்ணி கையில அட்டை குடுக்கறாங்க. நல்ல விஷயம். ஆனா அந்த அட்டையைப் பார்த்தா என்ன செய்யணும், முக்கியமா என்ன செய்யக்கூடாதுன்னு பி.டி. மாஸ்டருக்கு யார் சொல்லித் தருவா?

எங்க பொழப்புல மாட்யூல் ஒவ்வொண்ணும் தனித்தனியா பாஸ் ஆகும், சேர்த்து ஓட்டினா படுத்துக்கும் :-) இங்க படுக்கப்போறது ஒரு குழந்தை. அதனால டாக்டர், கோச், சமூகவியல்காரர், கூடவே அந்தப் புள்ளையோட அம்மா, நாலு பேரும் முதல்நாளே ஒரே மேசையில உக்காரட்டும். பந்தயத்தை அப்புறம் வெச்சுக்கலாம்.

என்ன மக்களே, நான் சொல்றது சரிதானே?