யாரைக் காக்க அந்தக் கோப்பு?

ஒழுக்கத்தைச் சீருடை மாட்டிப் போதிக்கிறவர்களைச் சந்தேகப்பட நமக்குக் காரணங்கள் உண்டு. இன்னொரு காரணத்தைத் தருகிறது 2023-இல் வந்த 'ஸ்கவுட்ஸ் ஹானர்' ஆவணப்படம்.

அமெரிக்க பாய் ஸ்கவுட்ஸ் 1910-இல் தொடங்கியது. முகாமில் சிறுவர்களைப் பாலியல் வதை செய்தவர்கள் யார் என்று தலைமைக்குத் தெரியாதா? நல்லாவே தெரியும். பேரு, ஊரு எல்லாம் எழுதி, பல பத்தாண்டுகளாகக் கோப்பு வைத்திருந்தார்கள். பூட்டியும் வைத்திருந்தார்கள். பல புகார்கள் போலீசுக்குப் போகவே இல்லை. ஆரிகன் மாநில உச்சநீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான், 2012-இல், 1,200-க்கும் மேற்பட்ட கோப்புகள் வெளியே வந்தன.

கெட்டவனை விலக்கத்தானே கோப்பு என்று வாதாடினார்கள். விலக்கப்பட்டவர்களில் சிலர் வேறு ஊரில் மறுபடி சேர்ந்து, மறுபடி அதையே செய்தார்கள். எச்சரிக்கை அலமாரிக்குள்ளே கிடந்தால் எந்தப் பிள்ளையின் பெற்றோருக்கு அது எட்டும்?

2020-இல் அமைப்பு திவால் மனு போட்டது. 82,000-க்கும் மேற்பட்டோர் இழப்பீடு கோரினர். ஒதுக்கப்பட்டது சுமார் 246 கோடி டாலர். பத்தாண்டு அங்கே சிறுவர் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்த மைக்கேல் ஜான்சனே படத்தில் அமைப்புக்கு எதிராகச் சாட்சி சொல்கிறார்.

"வெளியே சொன்னா அமைப்போட பேரு கெட்டுடும்." கொள்கை எதுவானாலும் எல்லா அமைப்பிலும் புழங்குகிற வாக்கியம் இது. தோழர்களே, உங்கள் அமைப்பில் ஒரு பிள்ளை வாய் திறந்தால் புகார் எங்கே போகும்? தலைவரின் மேசைக்கா, காவல் நிலையத்துக்கா? அதை முடிவு செய்துவிட்டு அடுத்த முகாமுக்குத் தேதி குறியுங்கள்.