மலையில் செல்போன் ஊமை, வானொலி பேசும்!

திருப்பருத்திக்குன்றம் என்ற பெயரிலே குன்றம் இருக்கிறது. ஊரோ சமதரை! காஞ்சீபுரத்தை ஒட்டி, வேகவதி ஆற்றங்கரையில், பழைய ஜைனக் கோவில்களுடன் இருக்கும் கிராமம் அது. மலை பார்க்க வேண்டுமானால் அங்கிருந்து பஸ் ஏற வேண்டும்.

நம் பிள்ளைகள் இப்போது பஸ் ஏறத்தான் செய்கிறார்கள். 2024 அக்டோபரில் தமிழக அரசு 14 மாவட்டங்களில் 40 மலைப் பாதைகளைத் திறந்து விட்டது. பணம் கட்டிப் பெயர் பதிந்தால், வழிகாட்டி கூட வருவார்.

இந்த ஒழுங்கு சும்மா வந்ததல்ல. 2018 மார்ச் 11-ந் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீ சூழ்ந்தது. மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மலையேற்றத்துக்குத் தனி விதிகள் அந்த ஆண்டில்தான் வந்தன.

விதிகள் வந்து விட்டன. ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. மகன் மலைக்குப் போனான். பொழுது சாய்ந்து விட்டது. போன் போட்டால், "தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்" என்கிறது. வீட்டில் இருக்கும் தாய் என்ன செய்வாள்?

ஹாம் என்றால் யார்?

ஜனங்கள் வசிக்கும் இடத்தில்தான் செல்போன் கோபுரம் நடுவார்கள். யானையும் காட்டெருமையும் திரியும் பள்ளத்தாக்கில் கோபுரத்துக்கு என்ன வேலை? அங்கே செல்போன் வெறும் கைவிளக்கு!

ஆனால் கோபுரமே தேவைப்படாத கருவி ஒன்று உண்டு. ஒருவர் பேச, இன்னொருவர் நேராகக் கேட்கும் வானொலி. அதைப் பொழுதுபோக்காகக் கையாளுகிறவர்களுக்கு உலகம் முழுவதும் "ஹாம்" என்று பெயர். பிரதமராக இருந்த ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம்தான்.

உயரம் ஏன் வேண்டும்?

தெருவில் நின்றால் எதிர்வீட்டுச் சுவர்தான் தெரியும். கோவில் கோபுரத்தின் மேல் நின்றால் ஊரைத் தாண்டி வயல்வெளியும் தெரியும். கையில் பிடிக்கும் வானொலியின் அலையும் கண் பார்வையைப் போல நேராகவே ஓடுகிறது. குறுக்கே மலை வந்தால் நின்று விடும்.

1,000 மீட்டர் உயரச் சிகரத்தில், எதிரே எதுவும் மறிக்காவிட்டால், தொடுவானம் சுமார் 110 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஐந்து வாட் சக்தியுள்ள சிறிய கருவியின் குரல்கூட அங்கிருந்து வெகுதூரம் போகும். அதே கருவி பள்ளத்தாக்கின் அடியில் பக்கத்து ஊரைக்கூட எட்டாது!

இந்த ரகசியம் தெரிந்துதான் ஹாம்கள் மலை ஏறினார்கள். சிகரத்தில் நின்று வானொலியில் பேசுவோருக்கு மார்க் போடும் திட்டம் 2002-ல் பிரிட்டனில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவியது. உச்சியில் கார் வைத்துக்கொண்டு பேசினால் மார்க் கிடையாது. கருவியையும் பேட்டரியையும் முதுகில் சுமந்து நடக்க வேண்டும்.

கரடுமுரடான பாதையில் ஜீப் ஓட்டுகிற ஹாம்கள் வேறொரு கூட்டம். ஜீப் பேட்டரி பெரியது. கூரையில் நீண்ட ஏரியல் கட்டலாம். பத்து மடங்கு சக்தியுள்ள கருவியை வைக்கலாம். மேலே நடப்பவன் சன்னமாகப் பேச, கீழே ஜீப்பில் இருப்பவர் கேட்டு ஊருக்குச் சொல்லலாம். இரண்டும் சேர்ந்தால்தான் பயன் என்பது என் எண்ணம்.

விளையாட்டாகப் போனவர்கள்

"இது பணக்காரர் விளையாட்டு" என்று சிலர் சொல்லக்கூடும். அவர்கள் அந்தமானை நினைத்துப் பார்க்க வேண்டும்.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற பெண்மணி, சில ஹாம்களுடன் போர்ட் பிளேருக்குப் போயிருந்தார். தீவிலிருந்து உலகத்தாருடன் பேசுவதுதான் நோக்கம், அதாவது, பொழுதுபோக்கு! டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தது. டெலிபோன் தொடர்புகள் அறுந்தன. விளையாட்டுக்குக் கொண்டு போன கருவிகள் அன்றே உயிர்காக்கும் கருவிகள் ஆயின. உறவினர் பிழைத்தாரா என்று தவித்தவர்களுக்கு அந்தக் குழு செய்தி சொன்னது. 2024 ஜூலையில் வயநாட்டில் மலை சரிந்தபோதும் ஹாம்கள் கல்பெட்டாவில் வானொலி நிலையம் அமைத்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

கருவி வாங்கியதும் பேசிவிட முடியாது. மத்திய அரசின் தேர்வில் தேறி உரிமம் பெற வேண்டும். 12 வயதுச் சிறுவரும் எழுதலாம் என்பது 1978-ம் ஆண்டு விதி. உரிமத்தில் கண்ட இடத்தை விட்டுக் கருவியை வெளியே கொண்டு போகவும் விதிமுறைகள் உண்டு. உரிமம் தேவைப்படாத சிறு வாக்கி டாக்கிகளும் இருக்கின்றன. அவற்றின் எட்டும் தூரம் குறைவு.

இன்னொரு முடிச்சு: ஹாம் வானொலியில் வியாபாரம் கூடாது. கூலி வாங்கும் வழிகாட்டி அதைத் தொழிலுக்குப் பயன்படுத்த முடியாது. ஆகவே மலைக்குப் போகிற இளைஞர் கூட்டத்திலேயே ஒருவர் உரிமம் பெற்றவராக இருப்பதுதான் வழி. நம் கல்லூரிகள் இதற்குப் பயிற்சி தரலாம். பரீட்சை ஒன்றும் பூதமல்ல.

அமெரிக்க ஹாம்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நாள் முழுவதும் கருவியைத் திறந்து வைத்தால் பேட்டரி தீர்ந்து விடும் அல்லவா? அதனால் காலை 7 மணிக்கு, பிறகு 10 மணிக்கு, 1 மணிக்கு, 4 மணிக்கு, 7 மணிக்கு என்று ஐந்தைந்து நிமிஷம் மட்டும் காது கொடுத்துக் கேட்பார்கள். ஆபத்தில் இருப்பவரும் அந்த நேரத்தில்தான் கூப்பிடுவார். சனிக்கிழமை இரவு பையைத் தூக்கும் மகனிடம், "எத்தனை மணிக்குப் பேசுவாய்? அடிவாரத்தில் கேட்கப் போவது யார்?" என்று வீட்டார் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.